காண்ட்ராக்டர் கையில் அரசு ரகசியம்: யார் காக்கிறார்கள், எங்கே ஓட்டை?

கேள்வி இதுதான்: "ஸ்னோடன் அரசு ஊழியர் இல்லை, ஒரு தனியார் நிறுவனத்தின் சம்பளக்காரர். அப்படிப்பட்டவர் கையில் அமெரிக்க அரசு தன் ரகசியங்களை ஏன் கொடுத்தது? கொடுத்தால் அதை எப்படித்தான் பாதுகாக்கிறார்கள்? நம் நாட்டிலும் பாதுகாப்புத் துறையில் தனியாரை உள்ளே விடுகிறோமே, பயமாக இல்லையா?"

நான் பல வருடங்களாகத் தகவல் பாதுகாப்புத் தணிக்கை வேலையில் இருப்பவன். இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கேள்வியில் வரும் எட்வர்ட் ஸ்னோடன், என்எஸ்ஏ என்ற அமெரிக்க உளவு முகமையின் ரகசிய ஆவணங்களை 2013-ல் பத்திரிகையாளர்களிடம் கொடுத்தவர்.

முதலில் "ஏன் கொடுக்கிறார்கள்" என்பது. கொடுக்காமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் போர் விமானம், உளவுச் செயற்கைக்கோள், நீர்மூழ்கிக் கப்பல் எல்லாவற்றையும் கட்டுவது தனியார் நிறுவனங்கள். விமானத்தின் ரகசியத்தைச் சொல்லாமல் விமானத்தைச் செய்து தரச் சொல்ல முடியுமா? 2013-ல், அதாவது ஸ்னோடன் விவகாரம் வெடித்த வருடத்தில், அந்த நாட்டில் ரகசியங்களைக் கையாள அனுமதி பெற்றவர்கள் சுமார் 51 லட்சம் பேர். அதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காண்ட்ராக்ட் நிறுவன ஊழியர்கள். ஆகவே ஸ்னோடன் ஒரு விதிவிலக்கான ஆள் இல்லை. அவரைப் போல லட்சக்கணக்கானவர்கள் தினமும் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது "எப்படி". 1993 ஜனவரியில் அன்றைய அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் 12829 என்ற எண் கொண்ட நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். தேசியத் தொழில்துறைப் பாதுகாப்புத் திட்டம் அதிலிருந்து பிறந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தது. ஒரே நிறுவனம் மூன்று துறைகளுக்கு வேலை செய்தால் மூன்று விதமாகப் பூட்ட வேண்டும், மூன்று விதமாகக் கணக்குக் காட்ட வேண்டும். அதையெல்லாம் ஒரே கையேட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அந்தக் கையேடு 2021 பிப்ரவரியில் கூட்டாட்சி ஒழுங்குமுறைச் சட்டத் தொகுப்பிலேயே சேர்ந்துவிட்டது. இன்று பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் டிசிஎஸ்ஏ என்ற முகமை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் வளாகங்களை இந்த விதிகளின்படி மேற்பார்வை செய்கிறது.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று: எந்த நிறுவனமும் தானாகப் போய் "எங்களுக்கு ரகசிய அனுமதி கொடுங்கள்" என்று விண்ணப்பிக்க முடியாது. ஓர் அரசுத் துறையோ, ஏற்கனவே அனுமதி பெற்ற பெரிய நிறுவனமோ "இந்த வேலைக்கு இவர்கள் தேவை" என்று சிபாரிசு செய்ய வேண்டும். வேலை இருந்தால்தான் அனுமதி. தனி மனிதருக்கும் அதே விதிதான். அப்புறம் நிறுவனத்தின் சொந்தக்காரர் யார், வெளிநாட்டுப் பணம் எவ்வளவு, கடன் யாரிடம், இயக்குநர் குழுவில் யார் யார் என்று துருவுவார்கள். வெளிநாட்டுப் பிடி இருந்தால் கதவு மூடிவிடும் என்பதில்லை. பிரிட்டனின் பிஏஇ சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை பென்டகனுக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் லண்டனில் இருக்கும் தாய் நிறுவனம் ரகசிய வேலைக்குள் கை வைக்காதபடி தனி ஒப்பந்தம் போட்டு வேலி கட்டியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு ரகசிய ஒப்பந்தத்தோடும் 254 என்ற எண்ணுள்ள ஒரு படிவம் வரும். இந்த வேலையில் எது டாப் சீக்ரெட் என்ற மிக உயர்ந்த தர ரகசியம், எது அதற்கு அடுத்த தரமான சீக்ரெட், எதை எங்கே வைக்கலாம், எதை வெளியில் பேசவே கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். துணை ஒப்பந்தம் கொடுத்தால் அவர்களுக்கும் ஒரு 254 எழுதித் தர வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த அமைப்பிலும் மிக முக்கியமான காகிதம் இதுதான். எதைக் காக்க வேண்டும் என்று தெளிவாக எழுதித் தராமல் "எல்லாவற்றையும் காப்பாற்று" என்று சொன்னால் யாரும் எதையும் காப்பாற்ற மாட்டார்கள்.

சரி, அன்றாடம் இது எப்படி நடக்கிறது? ஒரு சின்னக் காண்ட்ராக்ட் அலுவலகத்தின் மாலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். செல்போன்களை எல்லோரும் காலையிலேயே வெளியில் உள்ள சிறு பெட்டிகளில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மேஜையில் உள்ள தாள்களின் மேல் வண்ண விளிம்பு போட்ட அட்டை: ஆரஞ்சு என்றால் டாப் சீக்ரெட், சிவப்பு என்றால் சீக்ரெட், நீலம் என்றால் மூன்றாவது தரமான கான்ஃபிடென்ஷியல். கிளம்பும்போது அவை இரும்புப் பெட்டகத்துக்குள் போகின்றன. அதில் உள்ள பூட்டு பல இடங்களில் பேட்டரியே இல்லாத ரகம், எண்வட்டைத் திருப்பும்போதே தனக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும். பெட்டகத்தின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: யார் திறந்தார், எத்தனை மணிக்கு, யார் மூடினார், யார் இழுத்துப் பார்த்தார். அதில் இனிஷியல் போட வேண்டும். அந்தப் பூட்டின் எண்ணை ஒரு தாளில் எழுதினால், உள்ளே இருக்கும் ஆவணம் எந்தத் தரமோ அந்தத் தாளும் அதே தர ரகசியமாகிவிடும். எண் தெரிந்தவர் வேலையை விட்டுப் போனால் எண்ணை மாற்றியாக வேண்டும். தாளை அழிப்பதற்கும் கணக்கு உண்டு, 1 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் அளவுத் துகளாக அரைக்கும் இயந்திரம்தான் ஏற்கப்படும்.

இந்தச் சடங்குகளைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். இவை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1970-களின் கலிபோர்னியா கதை ஒன்றே போதும்.

ரெடோண்டோ பீச்சில் டிஆர்டபிள்யூ என்ற நிறுவனம் சிஐஏ-வுக்காக உளவுச் செயற்கைக்கோள் வேலை செய்துகொண்டிருந்தது. 1974-ல் அங்கே கிறிஸ்டஃபர் பாய்ஸ் என்ற 21 வயது இளைஞன் வேலைக்குச் சேர்ந்தான். படிப்பைப் பாதியில் விட்டவன், அப்பா முன்னாள் எஃப்பிஐ அதிகாரி, அவருக்குத் தெரிந்தவர் மூலமாகக் கிடைத்த வேலை. சில மாதங்களில் அவன் உட்கார்ந்திருந்த இடம், ரகசியச் செய்திகள் வந்துபோகும் பலத்த காவல் கொண்ட பெட்டக அறை. அனுமதி கொடுக்கும் முன் விசாரணை நடந்தது. ஆனால் தன் நண்பர்கள் ஒருவரைக்கூட யாரும் விசாரிக்கவில்லை என்று அவனே பின்னால் சொன்னான். விசாரித்திருந்தால் அரசின் மேல் அவனுக்கு இருந்த கசப்பு அன்றே தெரிந்திருக்கும்.

அந்த அறைக்குள் நடந்ததை 1985-ல் செனட் துணைக் குழு முன்பு அவன் விவரித்தான். ரகசியக் குறியீட்டு அட்டைகளைக் கூழாக்க அங்கே ஒரு பிளெண்டர் வைத்திருந்தார்கள். ஊழியர்கள் அதில் மது கலந்து குடித்தார்கள். வெளியே போய் பாட்டில் வாங்கி வர ஆவணப் பையையே எடுத்துப் போனார்கள். வாசலில் யாரும் பையைத் திறந்து பார்க்கவில்லை. மது உள்ளே வந்த வழியில் ஆவணங்கள் வெளியே போயின. பால்ய நண்பன் ஆண்ட்ரூ டால்டன் லீ அவற்றை மெக்சிகோ நகரிலிருந்த சோவியத் தூதரகத்தில் கொண்டுபோய் விற்றான். 1977 ஜனவரியில் அந்தத் தூதரகத்துக்கு வெளியே மெக்சிகோ போலீஸ் வேறு சந்தேகத்தில் அவனைப் பிடித்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. பாய்ஸுக்கு 40 வருடச் சிறை, லீக்கு ஆயுள். கவனியுங்கள், நிறுவனத்தின் காவலோ தணிக்கையோ அவர்களைப் பிடிக்கவில்லை. வேறொரு நாட்டுப் போலீஸ்காரர் கண்ணில் பட்டார்கள், அவ்வளவுதான்.

பூட்டு இருந்தது, பதிவேடு இருந்தது, அனுமதியும் முறைப்படி வாங்கியதுதான். உள்ளே இருந்த சக ஊழியர்களுக்கு அது வெறும் ஓர் அறையாகிவிட்டது, அங்கேதான் ஓட்டை.

இதற்குப் பிறகு விதிகள் எவ்வளவோ இறுகின. ஆனாலும் 2013-லிருந்து வரிசையாக மூன்று பேர் ரகசியங்களை வெளியே கொண்டுபோனார்கள். அவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே விஷயம்தான் உறைக்கும். இந்தத் துறையில் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று அனுமதி, கிளியரன்ஸ் என்று சொல்வது. "இந்த ஆளை நம்பலாம்" என்பது அதன் பொருள். இன்னொன்று தேவை: "இந்த ஆள் செய்யும் வேலைக்கு இந்தக் காகிதம் வேண்டும்." டாப் சீக்ரெட் அனுமதி இருந்தால் எல்லா டாப் சீக்ரெட்டையும் பார்க்கலாம் என்று விதி எங்கேயும் சொல்லவில்லை. இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்க வேண்டும். நடைமுறையில் முதல் சாவிக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். இரண்டாவது சாவியை யாரும் கையில் வைத்துக்கொள்வதில்லை.

ரியாலிட்டி வின்னர் விஷயத்தைப் பாருங்கள். ஜார்ஜியா மாநிலத்தில் புளூரிபஸ் என்ற காண்ட்ராக்ட் நிறுவனத்தின் மொழிபெயர்ப்பாளர், பாரசீகம் அவர் துறை. 2017 மே மாதம் அமெரிக்கத் தேர்தல் அமைப்பை ரஷ்ய உளவுத்துறை குறிவைத்தது பற்றிய அறிக்கையை அச்செடுத்து, உடைக்குள் மறைத்து எடுத்துப்போய், ஒரு செய்தி நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பினார். ரஷ்யாவுக்கும் அவர் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் தேடினால் கிடைத்தது, அழுத்தினால் அச்சாகி வந்தது. பிடித்ததும் எளிதுதான். அந்த அறிக்கையை அச்செடுத்தவர்கள் மொத்தமே ஆறு பேர், அதில் ஒருவர் கணினியிலிருந்து அந்தச் செய்தி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போயிருந்தது. 63 மாதச் சிறை. பிடித்த வேகத்தைப் பாராட்டுபவர்கள், சம்பந்தமில்லாதவர் திரையில் அது ஏன் திறந்தது என்று கேட்பதில்லை.

ஹரோல்ட் மார்ட்டின் இன்னும் கலங்கடிப்பவர். மேரிலாந்துக்காரர். ஏறத்தாழ இருபது வருடம், ஏழு தனியார் நிறுவனங்களாவது மாறி மாறி அரசு ரகசிய வேலை பார்த்தார். கடைசியாக இருந்தது பூஸ் ஆலன் ஹாமில்டன், ஸ்னோடன் இருந்த அதே நிறுவனம். 2016 ஆகஸ்டில் எஃப்பிஐ போனபோது வீட்டிலும், காரிலும், தோட்டத்தில் பூட்டுகூடப் போடாத கொட்டகையிலும் ரகசியத் தாள்களும் கணினிச் சாதனங்களும் குவிந்திருந்தன. 50 டெராபைட் என்று அரசுத் தரப்பு கணக்குச் சொன்னது. யாருக்கும் விற்றதாக நிரூபணம் இல்லை. எடுத்து எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். 2019-ல் 9 வருடத் தண்டனை. ஏழு நிறுவனங்கள், ஒவ்வொன்றிலும் பாதுகாப்பு அதிகாரி, ஒவ்வொன்றிலும் பயிற்சி, கையெழுத்து. பையோடு வெளியே போனவரை இருபது வருடமாக யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. நிறுவனம் மாறும்போது அனுமதி கூடவே வந்தது. அந்த மனிதரைப் பற்றி முந்தைய இடத்துக்குத் தெரிந்தது எதுவும் கூட வரவில்லை.

ஸ்னோடன் ஹவாயில் முதலில் டெல் நிறுவனத்துக்காகக் கணினி நிர்வாகம் பார்த்தார். கணினி நிர்வாகி என்றால் எல்லா அறைக்கும் சாவி வைத்திருக்கும் காவலாளி மாதிரி. 2013 மார்ச்சில் பூஸ் ஆலனுக்கு மாறினார், மூன்று மாதம்கூட இல்லை, மே மாதம் ஹாங்காங் போய்விட்டார். கூடுதல் விவரங்களை எடுக்கவே அந்த வேலையில் சேர்ந்ததாக ஒரு ஹாங்காங் நாளிதழிடம் அவரே சொன்னார். அவர் செய்தது சரியா தவறா என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபடலாம். அவர் வெளியிட்டதில் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இருந்தன என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பாதுகாப்பு வேலை பார்ப்பவனாக எனக்கு உறுத்துவது வேறு. உளவுத்துறைக்கு வேலை செய்யும் காண்ட்ராக்ட் ஊழியர் உள்ளுக்குள்ளேயே முறையாகப் புகார் சொன்னால் அவரைப் பழிவாங்கக் கூடாது என்று தெளிவான சட்டப் பாதுகாப்பு வந்ததே 2018 ஜனவரியில்தான். புகார் சொல்ல நம்பகமான கதவு இல்லாத இடத்தில் மனசாட்சி உறுத்துபவர் ஜன்னல் வழியாகத்தான் போவார். அந்தக் கதவைத் திறந்து வைப்பதும் ரகசியப் பாதுகாப்பு வேலையில் சேர்ந்ததுதான். இதை ஏற்காத அதிகாரிகளோடு நான் பலமுறை வாதாடியிருக்கிறேன்.

முதல் சாவியும் அவ்வளவு உறுதியானது இல்லை என்பது தனிக்கதை. ஆட்களைப் பற்றிய பின்னணி விசாரணையையே தனியாருக்குக் கொடுத்திருந்தார்கள். ஸ்னோடனின் 2011 மறுவிசாரணையைச் செய்ததும் யுஎஸ்ஐஎஸ் என்ற தனியார் நிறுவனம்தான். கோப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி, மாத இலக்கு வேறு. 2008 முதல் 2012 வரை குறைந்தது 6,65,000 கோப்புகளை முழுமையாகச் சரிபார்க்காமலே "முடிந்தது" என்று அனுப்பிவிட்டதாக அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டியது. 2015-ல் 3 கோடி டாலர் மதிப்பில் சமரசம் செய்துகொண்டார்கள். அதே வருடம் இன்னொரு இடி. அனுமதி கேட்டவர்கள் நிரப்பிய படிவங்கள் இருந்த அரசுக் கணினியை ஊடுருவி 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போயிருந்தது தெரியவந்தது. ஊடுருவியவர்கள் பயன்படுத்தியது விசாரணை செய்யும் இன்னொரு காண்ட்ராக்ட் நிறுவனத்தின் கணக்கு விவரங்களை. அந்தப் படிவத்தில் ஒரு மனிதன் தன் கடன், மனநல சிகிச்சை, போதைப் பழக்கம், வெளிநாட்டு உறவினர் என்று எல்லாவற்றையும் கொட்டியிருப்பான். அரசை நம்பி எழுதியது அது.

இவற்றுக்குப் பிறகு மாறியவையும் உண்டு. கணினி நிர்வாகிகள் முக்கியமான தகவலை நகலெடுக்க இரண்டு பேர் சேர்ந்தால்தான் முடியும் என்ற முறையை என்எஸ்ஏ கொண்டுவந்தது. 2016 மே மாதத்தில், ரகசிய வேலை செய்யும் ஒவ்வொரு காண்ட்ராக்ட் நிறுவனமும் உள்ளிருந்து வரும் ஆபத்தைக் கவனிக்க ஒரு பொறுப்பு அதிகாரியை வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். முன்பு டாப் சீக்ரெட்டுக்கு 5 வருடம், சீக்ரெட்டுக்கு 10 வருடம் என்று இடைவெளி விட்டுத்தான் மறுவிசாரணை, நடுவில் ஒருவர் திவாலானாலும் கைதானாலும் தானாகத் தெரிய வழியில்லை. இப்போது கைது, கடன் போன்ற பதிவுகளைத் தொடர்ந்து கணினியே பார்த்துக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் நல்லதுதான். ஆனாலும் இவை பெரும்பாலும் மனிதனைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள். யாருக்கு எந்தக் கோப்பு தேவை என்று உட்கார்ந்து பிரிக்கும் வேலை அலுப்பானது, செலவானது, அதனால் அது இன்னும் பின்தங்கியே இருக்கிறது.

ரகசியம் என்று முத்திரை குத்தாத ஆனால் வெளியே போகக் கூடாத தகவல் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்று பெரிய திருட்டுகள் நடப்பது இங்கேதான். 2018 தொடக்கத்தில் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் உள்ள கடற்படை ஆய்வு மையத்துக்கு வேலை செய்த ஒரு காண்ட்ராக்டரிடமிருந்து 614 ஜிகாபைட் தகவலைச் சீன ஊடுருவலாளர்கள் எடுத்ததாக அமெரிக்கச் செய்தித்தாள்கள் எழுதின. தகவல் மிக நுட்பமானது, கிடந்ததோ சாதாரணக் கணினியில். ஆஸ்திரேலியாவில் 2016-ல் நடந்தது இன்னும் பாடம் தருவது. சுமார் 50 பேர் வேலை செய்யும் விமானத் தொழில் நிறுவனம், பெரிய ஒப்பந்தங்களின் அடிமட்டத்தில் இருப்பது. கணினிப் பிரிவில் ஒரே ஒருவர், அவரும் சேர்ந்து ஒன்பது மாதம்தான். எஃப்-35 போர் விமானம் உள்பட பல திட்டங்களின் 30 ஜிகாபைட் தகவல் போனது. பின்னால் விசாரித்தபோது இணையத்தில் திறந்திருந்த சேவைகளில் பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். இன்னொன்றில் கெஸ்ட், கெஸ்ட். ஆணையும் கையேடும் வரிசையாகக் கீழே இறங்கி வந்து கடைசியில் அந்த ஒற்றை மனிதர் மேஜையில் நின்றுவிட்டன. அமெரிக்கா இப்போது இத்தகைய சிறு நிறுவனங்களுக்கு 110 கட்டுப்பாடுகளைப் பட்டியலிட்டு, செய்திருக்கிறார்களா என்று சான்றிதழ் பெறச் சொல்கிறது. சின்ன முதலாளிகள் செலவைச் சொல்லிப் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஒப்பந்த விலையில் இந்தச் செலவைச் சேர்த்துக் கொடுக்காமல் கடமையை மட்டும் கீழே தள்ளினால், காகிதத்தில் டிக் அடிப்பதுதான் நடக்கும்.

நம் நாட்டுக்கு வருகிறேன். நமக்கும் அடி விழுந்திருக்கிறது. மும்பை மசகான் டாக்கில் கட்டப்பட்ட ஸ்கார்பீன் நீர்மூழ்கிகள் பற்றிய 22,400 பக்க ஆவணங்கள் வெளியே போனதை 2016 ஆகஸ்டில் ஓர் ஆஸ்திரேலிய நாளிதழ் வெளியிட்டது. அவை பிரெஞ்சுக் கப்பல் நிறுவனமான டிசிஎன்எஸ்-இன் ஆவணங்கள். நம் ரகசியம், வேறொரு நாட்டு நிறுவனத்தின் கையில். நம்மிடம் 1923-ன் அலுவல்சார் ரகசியச் சட்டம் இருக்கிறது, தனியார் பாதுகாப்பு உற்பத்தியாளர்களுக்கென்று 2014-ல் ஒரு பாதுகாப்புக் கையேடும் வந்தது. பொருளின் முக்கியத்துவத்தைப் பார்த்து நிறுவனங்களை ஏ, பி, சி என்று பிரிக்கிறது அது. சட்டம் தண்டிக்கும், ஆனால் போன காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவராது. கையேடு உரிமம் பெற்ற நிறுவனத்தின் வாசல் வரை வரும்.

அதற்கு அப்பால்தான் என் கவலை. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து ஊர்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்திருக்கிறது. இந்த ஊர்களின் லேத் பட்டறைகளுக்கும் அச்சு வார்ப்புக் கூடங்களுக்கும் வேலை வருவதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். சில வருடங்களுக்கு முன் ஒரு தணிக்கைக்காக ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு பெரிய நிறுவனத்துக்காகச் சிறு பாகம் கடைந்து தருகிறார்கள். வரைபடத்தின் மூலையில் "வெளியிடக் கூடாது" என்று அச்சடித்திருந்தது. முலாம் பூசுவதற்கு விலை கேட்க, மேஸ்திரி அதைப் போனில் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் மூன்று பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். "ஏன் அண்ணே, இதை அனுப்பலாமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் பதறிப்போய், "அனுப்பக் கூடாதா தம்பி? யாரும் சொல்லலையே" என்றார்.

உண்மையிலேயே யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பெரிய நிறுவனம் கொடுத்த ஆர்டரைத் தேடி எடுத்துப் பார்த்தோம். விலை, தேதி, அளவு, அபராதம் எல்லாம் நான்கு பக்கத்துக்கு இருந்தது. வரைபடத்தை யார் யார் பார்க்கலாம், வேலை முடிந்ததும் அதை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அன்று மாலை மேஸ்திரியும் நானும் உட்கார்ந்து அந்த வரியை எழுதினோம். முலாம் பூசுபவருக்கு முழு வரைபடம் எதற்கு, மேற்பரப்பு அளவும் உலோகமும் போதுமே என்று அவரே சொன்னார். மறுநாள் முதல் அவை இரண்டை மட்டும் தனித்தாளில் எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள்.